மாட்டுங்காவில் ஞாயிறு காலை டிபன்: நாலு பேர், ஒரு முழங்கால் வலி, எந்தக் கடை?

அந்தேரி_புதுசு

வணக்கம். அந்தேரியில இருக்கோம், மும்பைக்குப் புதுசு. பாளையங்கோட்டையிலேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. வர்ற ஞாயிறு மாட்டுங்காவுக்குக் கூட்டிட்டுப் போய், காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒண்ணா சேர்த்து ஒரு பத்து பத்தரைக்கு நிறைவா சாப்பிட்டு வந்துடலாம்னு திட்டம்.

நாலு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது. அப்பாவுக்குச் சர்க்கரை. பையனுக்கு 6 வயசு, காரம் ஆகாது. நெட்ல தேடினா பத்துக் கடைப் பேர் வருது, பத்துமே "கட்டாயம் போகணும்"ங்கற லிஸ்ட்ல இருக்கு. எந்தக் கடையில எது நல்லாருக்கும், எத்தனை மணிக்குப் போகணும், எதைத் தொடக்கூடாது, இவ்வளவு தெரிஞ்சா போதும். அம்மாவுக்கு இட்லி முக்கியம், அப்பாவுக்குக் காபி.

சர்க்கிள்_சாமி

முதல்ல அந்தப் பத்து மணியை மாத்துங்க. ஞாயிறு எட்டரையிலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் மொத்த மும்பையும் மாட்டுங்கா ரவுண்டானா, அதான் கிங்ஸ் சர்க்கிள்லதான் நிக்கும். தானேலேர்ந்து கார் எடுத்துட்டு வர்ற கூட்டமெல்லாம் அந்த நேரத்துலதான். ஏழு மணிக்கு கடை வாசல்ல இருந்தீங்கன்னா நேரா உள்ள போய் உட்காரலாம். அதே கடையில ஒன்பதரைக்கு முக்கால் மணி நேரம் நடைபாதையில நிப்பீங்க. அம்மா முழங்காலுக்கு மருந்து ஏழு மணிதான்.

ரெண்டாவது, எல்லாத்தையும் ஒரே கடையில தேடாதீங்க. மாட்டுங்கா கடை ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு ஐட்டம்தான் பேர் சொல்லும். மத்தது எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரிதான். லிஸ்ட் போடறவங்க இதைச் சொல்றதில்ல.

இடத்தை ரெண்டு கொத்தா பிரிச்சுக்கோங்க. ஒண்ணு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், பண்டார்கர் ரோடு. ராம் ஆஸ்ரயா, ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், காபித்தூள் கடை, பூக்கடைகள், ஆஸ்திக சமாஜம் கோயில் எல்லாம் இங்க. இன்னொண்ணு சர்க்கிள் பக்கம், மகேஸ்வரி உத்யான்ங்கற பார்க்கைச் சுத்தி. கஃபே மெட்ராஸ், கஃபே மைசூர், இட்லி ஹவுஸ், கூலர் அண்ட் கோ இங்க. ரெண்டுக்கும் நடுவுல பத்து நிமிஷ நடை. உங்களுக்கு அது கால் மணி ஆகும். அவ்வளவு கிட்டத்துல டாக்ஸிக்காரன் வரமாட்டான். அதனால ஒரு கொத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே முடிச்சுக்கோங்க.

உங்க வீட்டுக்கு நான் சொல்றது கஃபே மெட்ராஸ். 1940லேர்ந்து இருக்கு, தரைமட்டம், ஏழு மணிக்குத் திறக்கும். இங்க சாப்பிட வேண்டியது ரசம் வடை அல்லது ரசம் இட்லி, பொடி இட்லி, ராகி தோசை, நீர் தோசை. மசாலா தோசைக்காக இங்க வரிசையில நிக்க வேண்டியதில்ல. அது நல்லாதான் இருக்கும், ஆனா அந்தேரியிலயும் கிடைக்கும்.

ரசம் வடைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. வந்ததும் ஒரு நிமிஷம் விடுங்க, மேல் தோல் ரசத்தைக் குடிக்கட்டும். மூணு நாலு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுங்க. அதுக்கு மேல போனா நடுப்பகுதியும் ஊறிப் போய், ஸ்பூன் வச்சா பிஞ்சுடும். போட்டோ எடுத்துட்டு, வாட்ஸ்அப்ல போட்டுட்டு சாப்பிடறவங்களுக்கு இது ஆகாது.

நீர் தோசை பையனுக்கு. ஊறின பச்சரிசியை அரைச்சு, தண்ணியா கரைச்சு, புளிக்க வைக்காம ஊத்தறது. காரமும் இல்ல, புளிப்பும் இல்ல. சூடா இருக்கும்போதே மடிப்பைப் பிரிச்சுக் குடுங்க. ஆறினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, அப்பளக்கட்டு மாதிரி மொத்தமா வரும்.

ஆர்டர் சொல்ற விதமும் முக்கியம். கூட்ட நேரத்துல சர்வர் ரெண்டாவது தடவை உங்க மேஜைக்கு வர பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும். இட்லி, வடை தயாரா இருக்கும், உடனே வரும். தோசை கல்லுல முறை வந்தாதான். அதனால இட்லியும் தோசையும் சேர்த்தே சொல்லிடுங்க, அதுவா முன்ன பின்ன வந்துடும். காபியை மட்டும் பிடிச்சு வைங்க. தோசை மேஜைக்கு வந்த பிறகு சொல்லுங்க. முதல்லயே சொன்னா இட்லியோட காபியும் வந்து நின்னு ஆறிடும்.

ஏழு மணி முடியாம லேட்டாயிட்டா, வாசல்ல இருக்கறவர்கிட்ட பேர் குடுத்துட்டு "ரெண்டு ரெண்டா உட்காரத் தயார்"னு சொல்லுங்க. நாலு பேருக்கு முழு மேஜை காலியாகறதுக்குள்ள, பாதி மேஜை ரெண்டு காலியாயிடும். முன்பின் தெரியாதவங்களோட ஒரே மேஜையில உட்காரறது இங்க சகஜம்.

திங்கள்கிழமை விடுமுறை. மதியம் 2.30க்கு மூடி 4 மணிக்குத் திறப்பாங்க. இந்த இடைவெளியில வந்து ஷட்டரைப் பார்த்துட்டுப் போறவங்க வாராவாரம் உண்டு.

பூக்கடை_முக்கு

சாமி சொன்னதுல ஏழு மணி சரி. ஆனா வயசானவங்க அஞ்சு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பாங்க, அவங்களுக்கு ராம் ஆஸ்ரயாவை விட்டுட்டாரே. 1939ல ஆரம்பிச்சது, காலை 5 மணிக்கே கடை திறந்துடும், ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு நிமிஷ நடை. அன்னைக்கு என்ன இருக்குன்னு போர்டுல எழுதியிருக்கும். அதைப் படிச்சுட்டு உட்காருங்க, ஏன்னா சர்வர் நின்னு விளக்கிட்டு இருக்கமாட்டார்.

இங்க பேர் சொல்றது உப்புமாவும் ஷீராவும். ஷீரான்னா நம்ம கேசரிதான், ஆனா நிறம் போடாம, நெய்யில ரவையை நல்லா வறுத்து, குழைவா இறக்கினது. பழத்தோட வர்ற வகை நாளுக்கு நாள் மாறும். அன்னாசி அதிகம் பேர் கேக்கறது, மாம்பழ சீசன்ல அதுவும் வரும். உப்புமாவைச் சட்னியோட சாப்பிடுங்க. சாம்பார் ஊத்தினா ரவை கஞ்சியாயிடும். உப்புமா, ஷீரா ரெண்டும் சட்டியிலேர்ந்து எடுத்தவுடனே சாப்பிடற பண்டம். எட்டு மணிக்குள்ள போனா புதுச் சட்டி, ஒன்பதுக்கு மேல எது கிடைக்குதோ அது.

ராமா நாயக்கைப் பத்தி ஒரு எச்சரிக்கை. வாழையிலைச் சாப்பாட்டுக்கு மாட்டுங்காவில அதுக்கு மேல இல்ல. 1942லேர்ந்து நடக்குது, அளவில்லாச் சாப்பாடு இலையில, அளவுச் சாப்பாடு தட்டுல. ஆனா அது முதல் மாடி. டோக்கன் வாங்கி படிக்கட்டுலயும் வராந்தாவிலயும் காத்திருக்கணும். அம்மாவுக்கு ஒத்து வராது. காலை டிபனும் அங்க கிடையாது, சாப்பாடு மட்டும்தான். திங்கள் விடுமுறை. மூட்டு வலி இல்லாதவங்க யாராவது இதைப் படிச்சா, பதினொண்ணரைக்குள்ள போயிடுங்க. அப்புறம் இலையில எதையும் மிச்சம் வைக்காதீங்க. சுவத்துலயே எழுதிப் போட்டிருக்காங்க, பரிமாறறவங்களும் விடமாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா கேட்டு வாங்கறதுதான் வழி.

மிளகாய்ப்பொடி

ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை நாசூக்கா விட்டுட்டீங்க. பாளையங்கோட்டைக்காரங்களுக்கு முதல் வாய் சாம்பார்லயே முகம் மாறப் போகுது. முன்னாடியே சொல்லி வைங்க.

மாட்டுங்காவில குடியேறினது தமிழர், கேரளத்துப் பாலக்காட்டுக்காரர். 1896 பிளேக்குக்கு அப்புறம் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் மனை பிரிச்சு வீதி போட்டாங்க. ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க வாடகைக்கு வந்து நிரம்பினாங்க. ஆனா கடை வச்சதுல பெரும்பாலானவங்க உடுப்பி, மங்களூர்க்காரங்க. சாப்பிட்டது நாம, கரண்டி அவங்க கையில. அதான் சாம்பார்ல வெல்லம், அரைச்சு விட்ட தேங்காய். தப்பா சமைச்சது இல்ல, அவங்க ஊர்ச் சாம்பார் அதுதான். சர்க்கரை இருக்கற அப்பாவுக்கும் இது கணக்குல வரணும். தனியா ஒரு கிண்ணம் சாம்பார் குடிக்கறதை விட்டுட்டு ரசத்தோடயோ, வெறும் சட்னியோடயோ சாப்பிடறது மேல்.

ராகி தோசைன்னதும் சர்க்கரைக்காரங்களுக்கு மருந்துன்னு நினைச்சு மூணு வாங்கிடாதீங்க. ராகியும் மாவுச்சத்துதான், அளவுதான் கணக்கு. ஒண்ணு போதும், கூட ஒரு வடை. உளுந்து வயித்துல நிக்கும்.

அவங்க ஊர் ருசியிலேயே வேணும்னா அதுக்கு இடம் தாராவி 90 அடி சாலை. திருநெல்வேலிச் சீமைக்காரங்க தலைமுறையா இருக்கற இடம். மும்பை முழுக்க காலையில அலுமினியப் பாத்திரத்துல இட்லி சுமந்து விக்கறவங்க நிறைய பேர் கிளம்பறது அங்கிருந்துதான். அங்க மெஸ் சாம்பார்ல வெல்லம் இருக்காது, மீன் குழம்பும் கிடைக்கும். ஆனா ஞாயிறு காலை குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிட வசதி குறைவு. அது வேற ஒரு நாளைக்கு.

சர்க்கிள்_சாமி

மிளகாய்ப்பொடி சாம்பார் விஷயம் நூத்துக்கு நூறு. பொடி இட்லி சொன்னதே அதுக்காகத்தான், சாம்பாரே தேவையில்ல.

விட்டுப்போன ரெண்டு. இட்லி ஹவுஸ்ல மிளகு இட்லி, காஞ்சிபுரம் இட்லி, பலா இலைத் தொன்னையில அவிச்ச கொட்டே இருக்கு. அம்மாவுக்கு இட்லி முக்கியம்னு எழுதியிருக்கீங்க, அப்ப கொட்டேயைக் காட்டாம அனுப்பாதீங்க. தொன்னை ஆழமா இருக்கறதால சாதா இட்லியை விட அதிக நேரம் ஆவியில வேகும், இலை வாசனை மாவுக்குள்ள இறங்கியிருக்கும். இலையை உரிச்சுட்டு சாப்பிடணும். முதல் தடவை பார்க்கறவங்க கடிச்சுப் பார்க்கறது உண்டு, சொல்லி வைங்க. கடை சின்னது, உட்கார்ந்து அரட்டை அடிக்கற இடம் இல்ல.

கஃபே மைசூர் 1936. ராமா நாயக் முதல்ல ஆரம்பிச்ச கடை. பக்கத்துல இருக்கற அந்தக் கால யு.டி.சி.டி. கெமிக்கல் டெக்னாலஜி காலேஜ்ல படிச்சப்ப முகேஷ் அம்பானி இங்க வாடிக்கையா சாப்பிட்டார்னு ஊரே பேசறதால இப்ப அங்கயும் செல்பி கூட்டம். கஃபே மெட்ராஸ்ல வரிசை நீளமா இருந்தா இங்க வந்துடுங்க. வரிசை குறைவு, இட்லி சாம்பாரும் மைசூர் மசாலாவும் தைரியமா சொல்லலாம். மைசூர் மசாலான்னா உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவினது. பையனுக்குக் குடுக்காதீங்க.

ஹார்பர்_லைன்

கடையைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க, போய்ச் சேர்ற வழியை யாரும் சொல்லல. ஞாயிறுல அதுதான் சிக்கல்.

அந்தேரியிலேர்ந்து வெஸ்டர்ன் லைன் பிடிச்சு மாட்டுங்கா ரோடுல இறங்காதீங்க. பேர்தான் மாட்டுங்கா. அது மேற்குப் பக்கம். அங்கிருந்து கிழக்கே வர தண்டவாளத்துக்கு மேல நீளமான நடைபாலம், இஸட் பிரிட்ஜ்னு சொல்லுவாங்க. முழங்கால் வலிக்காரங்களுக்கு அது தண்டனை.

தாதர்ல மாறி சென்ட்ரல் லைன் ஸ்லோ லோக்கல் பிடிச்சா அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. ஃபாஸ்ட் நிக்காது. ஆனா தாதர்ல பாலம் ஏறி இறங்கணும்.

உங்களுக்கு நேர் வண்டி ஒண்ணு இருக்கு. அந்தேரி வழியா போற ஹார்பர் லைன் வண்டி. மாஹிமுக்கு அடுத்தது கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன். மாறவே வேண்டாம். இறங்கி படி உண்டு, அப்புறம் சர்க்கிள் வரைக்கும் பத்து நிமிஷ நடை. காலை ஆறு ஆறரைக்குக் கிளம்பினா உட்கார இடமும் கிடைக்கும்.

திரும்பறதுக்கு இதை நம்பாதீங்க. ஞாயிறுல மெகா பிளாக் போடுவாங்க, அதாவது பராமரிப்பு வேலைக்காகத் தண்டவாளத்தை மூடுவாங்க, பெரும்பாலும் பதினோரு மணிக்கு மேல சாயங்காலம் நாலு, நாலரை வரைக்கும். ஹார்பர்ல பிளாக் விழுந்தா அந்தப் பாதை வண்டியே நின்னுடும். சென்ட்ரல்ல மாட்டுங்கா முலுண்ட் இடையில பிளாக் வந்தா ஸ்லோவும் ஃபாஸ்டும் ஒரே தண்டவாளத்துல ஓடும், வண்டி தாமதமாகும். சனிக்கிழமை ராத்திரி ரயில்வே அறிவிப்பைப் பார்த்துட்டுத் தூங்குங்க. பத்தரைக்குள்ள சாப்பிட்டு கிளம்பிட்டா இந்தத் தொல்லையே இல்ல.

என்னைக் கேட்டா அம்மாவுக்காக வீட்டு வாசல்லேர்ந்தே டாக்ஸி. ஆட்டோ பிடிச்சு வரலாம்னு நினைக்காதீங்க, அந்தேரி ஆட்டோ மாஹிமுக்குத் தெற்கே வராது. சயான் பக்கமும் அதே கதைதான். மாட்டுங்காவில டாக்ஸி மட்டும்தான். சொந்தக் கார்ல வந்தா ஏழு மணிக்கு ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நிறுத்த இடம் இருக்கும், ஒன்பதுக்கு இருக்காது.

அந்தேரி_புதுசு

எல்லாருக்கும் நன்றி. ஆறு மணிக்கு டாக்ஸி சொல்லியாச்சு, ஏழுக்கு கஃபே மெட்ராஸ், அப்புறம் அம்மா ஆசைப்பட்டா இட்லி ஹவுஸ்ல கொட்டே. இன்னும் ரெண்டு சந்தேகம். அப்பாவுக்குக் காபியில சர்க்கரை ஆகாது. அங்க எப்படிக் கேக்கணும்? அதோட, யாரோ காபித்தூள் கடைன்னு எழுதியிருந்தீங்க. ஊருக்குக் கொண்டு போக வாங்கலாமா? ஷீரா பார்சல் வீட்டுக்குக் கொண்டுவந்தா நல்லாருக்குமா?

டிகாஷன்

சர்க்கரையை முதல்ல சொல்றேன். கூட்ட நேரத்துல காபி சர்க்கரை போட்டே வரும். ஆர்டர் சொல்லும்போது "ஏக் பினா ஷக்கர்"னு (ஒண்ணு சர்க்கரை இல்லாம) இந்தியில தனியா, முதல் ஆளா சொல்லுங்க. நாலு காபின்னு சொல்லிட்டு பின்னால "ஒண்ணுல வேண்டாம்"னா உள்ள போய்ச் சேராது. வந்ததும் ஒரு வாய் நீங்க குடிச்சுப் பார்த்துட்டு அப்பாகிட்ட குடுங்க.

மும்பைக் காபி கொஞ்சம் கனமா இருக்கறதா அப்பா சொல்லுவார். இங்க எருமைப்பால் புழக்கம் அதிகம், கொழுப்பு ஜாஸ்தி. பசும்பால் காபிக்குப் பழகினவங்களுக்கு டிகாஷன் மங்கலாத் தெரியும். "ஸ்ட்ராங்"னு கேட்டா டிகாஷன் கூட விடுவாங்க, அது சரியா இருக்கும்.

தூள் கடை மைசூர் கன்சர்ன்ஸ். ஸ்டேஷன் பக்கம், தெருமுனையிலேயே வாசனை வந்துடும். கண்ணு முன்னாடி அரைச்சுத் தருவாங்க. மூணு விஷயம் சொல்லணும்: கொட்டை, சிக்கரி அளவு, அரைப்பு. தெரியலைன்னா கொட்டையில பீபெரி வகை பாதி, பிளான்டேஷன் வகை பாதி, சிக்கரி நூத்துக்கு 20, ஃபில்டர் அரைப்பு. எருமைப்பாலுக்கு 30 வரைக்கும் சிக்கரி தாங்கும். ஊர்ல பசும்பால்னா 15 போதும், 30 போட்டா கசக்கும்.

ஃபில்டர்ல டிகாஷன் சொட்டுச் சொட்டா 15, 20 நிமிஷம் இறங்கணும். அஞ்சு நிமிஷத்துல மொத்தமும் இறங்கிட்டா அரைப்பு பெருசு. இறங்கவே இல்லைன்னா தூளை அழுத்தி வச்சிருக்கீங்க, இல்ல சிக்கரி கூடிப்போச்சு. சிக்கரி தண்ணி குடிச்சு ஊதி வழியை அடைச்சுடும். மும்பை ஈரக் காத்துல தூள் சீக்கிரம் வாசனை விடும், மழைக்காலத்துல இன்னும் மோசம். கால் கிலோவுக்கு மேல வாங்காதீங்க, காத்துப் புகாத டப்பா, ரெண்டு வாரத்துல தீர்த்துடணும். ஊருக்குக் கொண்டு போறதுன்னா கிளம்பற நாளுக்கு முந்தின நாள் அரைச்சு வாங்கறதுதான் சரி.

ஷீரா பார்சல் கொண்டுபோகலாம், ஆனா ஆறினா நெய் உறைஞ்சு ரவை இறுகிடும். சூடு பண்ணும்போது ரெண்டு ஸ்பூன் பால் விட்டு, மூடி போட்டு, குறைஞ்ச தீயில கிளறுங்க. தண்ணி விட்டா சப்புன்னு ஆயிடும். தோசை பார்சலை மட்டும் வேண்டாம்னு சொல்லுவேன். மடிச்சுக் கட்டின பொட்டலத்துல ஆவி தங்கி, அந்தேரி போறதுக்குள்ள துணி மாதிரி தொங்கும். ரசம் வடை எடுத்துட்டுப் போறதா இருந்தா வடை தனி, ரசம் தனின்னு கேட்டு வாங்குங்க, வீட்டுல ரசத்தைக் கொதிக்க வச்சு மேல ஊத்திக்கலாம்.

பூக்கடை_முக்கு

காபித்தூளுக்கு ஞாயிறு ஏழரைக்கே போய் நிக்காதீங்க, கடை அவ்வளவு சீக்கிரம் திறக்காது. டிபனை முடிச்சுட்டு, டாக்ஸியை ஸ்டேஷன் வழியா விடச் சொல்லுங்க.

இன்னொண்ணு. பையன் இட்லி தோசையே வேண்டாம்னு அடம் பிடிச்சா சர்க்கிள் முனையில கூலர் அண்ட் கோ இருக்கு, பழைய இரானி கடை. பன் மஸ்கா (வெண்ணெய் தடவின பன்), சாய், ஆம்லெட். பன் மஸ்கான்னு தெளிவா சொல்லுங்க. புருன் மஸ்கான்னு சொல்லிட்டா மேல் தோல் மொறமொறன்னு இருக்கற ரொட்டி வரும், சாயாவுல முக்காம சின்னப் பல்லுக்குக் கடிபடாது. அங்க அசைவமும் உண்டு, அப்பா அம்மா சைவம்னா உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அந்தேரி_புதுசு

அவங்க சைவம்தான். பையனும் நானும் மட்டும் அங்க போயிட்டு வர்றோம், அவங்க உத்யான் பெஞ்சுல உட்கார்ந்திருக்கட்டும். அந்த நேரத்துல பார்க் திறந்திருக்குமா?

சர்க்கிள்_சாமி

காலையில நடைப்பயிற்சிக்காரங்களுக்காகத் திறந்துதான் இருக்கும். ஆனா சுத்தியும் அம்பேத்கர் ரோட்டு வண்டி, கடக்க சிக்னலுக்குக் காத்திருக்கணும். அவங்களை கடை இருக்கற பக்கத்து நடைபாதையிலேயே உட்கார வச்சுட்டுப் போங்க, கஃபே மெட்ராஸ் வாசல்ல காத்திருக்கறவங்களுக்கு நாற்காலி கேட்டா குடுப்பாங்க.